கணினி கேள்வி–பதில்: பட்டன் ஏன் நடுவில் நிற்பதில்லை?

இம்முறை வந்த கடிதங்களில் பல, டெஸ்க்டாப் புரோகிராமின் விண்டோவில் பட்டனை நடுவில் நிறுத்துவது எப்படி என்பதைப் பற்றியவை. அவற்றைத் தொகுத்துப் பதில் தருகிறோம். கிளாஸ், மெத்தட் பெயர்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நிரலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் எழுத வேண்டும்.

கேள்வி: ஜாவா ஸ்விங்கில் (ஜாவாவில் விண்டோ அமைக்கும் தொகுப்பு) ஒரு ஜேஃபிரேம் (விண்டோ) திறந்து, அதில் ஒரே ஒரு பட்டனை ஆட் செய்தேன். பட்டன் விண்டோ முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அதே பட்டனை ஒரு ஜேபேனலில் (மற்றவற்றை உள்ளே வைக்கும் பெட்டி) வைத்துச் சேர்த்தால் இடவலமாக நடுவில் வருகிறது, ஆனால் மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு திசையிலும் நடுவில் நிறுத்த என்ன வழி?
— பாலிடெக்னிக் மாணவி, நாமக்கல்

பதில்: உங்கள் நிரலில் பிழை எதுவும் இல்லை. பொருள்களை எங்கே, எந்த அளவில் வைப்பது என்று முடிவு செய்பவை லேஅவுட் மேனேஜர்கள். இங்கே வேலை செய்யும் இரண்டும் அவற்றின் விதிப்படியே நடக்கின்றன. அந்த விதி நமக்குத் தேவையானது அல்ல, அவ்வளவுதான்.

ஜேஃபிரேமின் உள்பகுதிக்கு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், பார்டர்லேஅவுட் அமையும். மேல், கீழ், இடம், வலம், மையம் என்று அதற்கு ஐந்து பகுதிகள். எந்தப் பகுதி என்று சொல்லாமல் ஆட் செய்தால் மையப் பகுதிக்குப் போகும். மையத்தில் போட்டதை பார்டர்லேஅவுட் நடுவில் வைப்பதில்லை. நான்கு ஓரங்களுக்கும் கொடுத்தது போக மிஞ்சிய இடம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடும். ஓரத்தில் ஒன்றும் இல்லை என்றால் விண்டோ முழுவதும் பட்டன்தான். இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்: இதே முறையில் இரண்டாவது பட்டனையும் ஆட் செய்தால் முதல் பட்டன் காணாமல் போகும். மையத்தில் ஒன்றுக்குத்தான் இடம். கடைசியாக வந்தது அதை எடுத்துக்கொள்ளும்.

ஜேபேனலுக்கு இயல்பாக அமைவது ஃபுளோலேஅவுட். அது ஒவ்வொரு பொருளுக்கும் அதன் விருப்ப அளவைக் கொடுக்கும். விருப்ப அளவு என்பது, எழுத்தும் சுற்றியுள்ள இடைவெளியும் சரியாக அடங்குவதற்கு அந்தப் பட்டன் தானே கணக்குப் போட்டுச் சொல்லும் அகல உயரம். பிறகு அந்த வரிசையை இடவலமாக நடுவில் வைக்கும். உயரத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. மேலிருந்து 5 பிக்செல் விட்டு முதல் வரிசையைத் தொடங்கும். கீழே எவ்வளவு இடம் மிஞ்சினாலும் அப்படியே விட்டுவிடும்.

நமக்கு வேண்டியது, மிச்ச இடத்தை நான்கு பக்கமும் சமமாகப் பிரித்து வெளியே தள்ளும் மேனேஜர். அது கிரிட்பேக்லேஅவுட். கடினமானது என்று பெயர் வாங்கியது என்றாலும், இந்த வேலைக்கு அதைப் போல எளியது வேறு இல்லை. ஜேஃபிரேமின் லேஅவுட்டாக ஒரு புதிய கிரிட்பேக்லேஅவுட்டைக் கொடுங்கள். பிறகு பட்டனை ஆட் செய்யுங்கள். இரண்டே வரி. கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ், அதாவது எந்தக் கட்டம், எவ்வளவு பங்கு போன்ற குறிப்புகள், எதுவும் தரவேண்டாம்.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நாளைக்குக் கெட்டுப்போகும்போது திருத்தவும் முடியும். கிரிட்பேக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெயிட்எக்ஸ், வெயிட்ஒய் என்று இரண்டு எடைகள் உண்டு. மிஞ்சும் இடத்தில் அந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. இரண்டும் இயல்பாகப் பூஜ்யம். எல்லாக் கட்டங்களின் எடையும் பூஜ்யமாக இருந்தால் மிச்ச இடத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்போது கட்டங்கள் அனைத்தும் ஒன்றாகத் திரண்டு விண்டோவின் நடுவில் நிற்கும். மிச்சம் முழுவதும் வெளியே சுற்றிலும் போகும். பிறகு ஒருநாள் மேலே ஒரு தலைப்பு லேபிளைச் சேர்த்து அதற்கு வெயிட்ஒய் 1 என்று கொடுத்தால், மிச்ச உயரம் முழுவதும் லேபிளின் கட்டத்துக்குப் போய்விடும். பட்டன் கீழே இறங்கிவிடும். அந்த நிலை வந்தால் தலைப்பை இந்தப் பேனலில் வைக்காதீர்கள். வெளியே பார்டர்லேஅவுட்டின் மேல்பகுதியில் தலைப்பு, மையப் பகுதியில் கிரிட்பேக் பேனல் என்று பிரித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒன்று அல்ல, ஐந்து பட்டன்கள். மெனு போல ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அகலத்தில், விண்டோவின் நடுவில் வரவேண்டும். பாக்ஸ்லேஅவுட் போட்டேன். எல்லாம் இடது ஓரத்துக்குப் போய்விட்டன. மேலே ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டு சேர்த்ததும் பட்டன்கள் இடது ஓரத்தை விட்டு வலப்பக்கமாகத் தள்ளித் தொடங்குகின்றன. ஒன்றும் புரியவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பாக்ஸ்லேஅவுட்டில் அதிகம் பேர் விழும் குழி இது. விவரமாகப் பார்ப்போம்.

மேலிருந்து கீழாக அடுக்கும்போது பாக்ஸ்லேஅவுட் மனதில் ஒரு செங்குத்துக் கோடு வரைந்துகொள்கிறது. ஒவ்வொரு பொருளும் அலைன்மென்ட்எக்ஸ் என்று ஓர் எண்ணைச் சொல்லும். 0 என்றால் 'என் இடது ஓரம் கோட்டில் இருக்கட்டும்', 0.5 என்றால் 'என் நடு கோட்டில் இருக்கட்டும்', 1 என்றால் 'என் வலது ஓரம்'. ஜேபட்டன், ஜேலேபிள், செக்பாக்ஸ் ஆகியவற்றுக்கு இது இயல்பாக 0. டெக்ஸ்ட் ஃபீல்டு, காம்போபாக்ஸ், வெறும் ஜேபேனல் ஆகியவற்றுக்கு 0.5. பட்டன்கள் மட்டும் இருந்தபோது எல்லாமே 0. ஆகவே எல்லாம் இடது ஓரம். டெக்ஸ்ட் ஃபீல்டு வந்ததும் அது தன் நடுவைக் கோட்டில் வைத்துக்கொண்டது, கோடு வலப்பக்கமாக நகர்ந்தது. பட்டன்களோ இன்னும் தங்கள் இடது ஓரத்தைத்தான் கோட்டில் வைக்கின்றன. நீங்கள் பார்த்த கோணல் இதுதான்.

தீர்வு: அந்தப் பேனலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் செட்அலைன்மென்ட்எக்ஸ் அழைத்து 0.5 கொடுங்கள். கம்போனென்ட் கிளாஸில் சென்டர்_அலைன்மென்ட் என்று இதற்கு மாறிலி உண்டு. ஒன்றை விட்டாலும் மற்றவை கோணலாகத் தெரியும். செட்ஹரிசான்டல்அலைன்மென்ட் என்று இன்னொரு மெத்தட் இருக்கிறது. அது பட்டனுக்குள் எழுத்து எங்கே நிற்கும் என்பதை மாற்றுவது. பட்டன் எங்கே நிற்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இது இடவலத்துக்கு. மேல்கீழ் நடுவுக்கு, முதல் பொருளுக்கு முன்னும் கடைசிப் பொருளுக்குப் பின்னும் பாக்ஸ் கிளாஸின் கிரியேட்வெர்ட்டிகல்குளூ தரும் பொருளை ஒவ்வொன்று சேர்க்கவும். குளூ என்று பெயர் இருந்தாலும் அது ஒட்டுவதில்லை, விரிவது. மேலும் கீழும் சமமாக விரிந்து நடுவில் உள்ளதை நடுவிலேயே நிறுத்தும். ஆனால் உங்களிடம் டெக்ஸ்ட் ஃபீல்டு இருக்கிறதே, அதையும் கவனிக்க வேண்டும். பாக்ஸ்லேஅவுட் அதிகபட்ச அளவை மதிக்கும். பட்டனின் அதிகபட்ச அளவு அதன் விருப்ப அளவேதான், அதனால் பட்டன் விரியாது. டெக்ஸ்ட் ஃபீல்டின் அதிகபட்ச உயரத்துக்கு நடைமுறையில் வரம்பே இல்லை. குளூவோடு போட்டிபோட்டு அதுவும் உயரமாக வளரும். செட்மேக்ஸிமம்சைஸ் மூலம் அதன் அதிகபட்ச உயரத்தை விருப்ப உயரத்துக்குச் சமமாக்கிவிடுங்கள்.

பட்டன்களுக்கு இடையே இடைவெளிக்கு கிரியேட்ரிஜிட்ஏரியா பயன்படுத்துங்கள். அகலம் 0, உயரம் 8 போதும். கிரியேட்வெர்ட்டிகல்ஸ்ட்ரட் எழுதச் சுருக்கமாக இருக்கும். ஆனால் அதன் அதிகபட்ச அகலத்துக்கு வரம்பு இல்லாததால், பேனலுக்குள் பேனல் வைக்கும்போது எதிர்பாராத இடத்தில் விரிந்து தொல்லை தரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் தேவைக்கு எங்கள் பரிந்துரை பாக்ஸ்லேஅவுட் அல்ல. ஒரே அகலம் வேண்டும் என்கிறீர்கள். அதற்கு இரண்டு பேனல்கள் போதும். உள் பேனலுக்கு கிரிட்லேஅவுட்; அளவுருக்கள் 0, 1, 0, 8. அதாவது வரிசைகள் எத்தனை வேண்டுமானாலும், நெடுவரிசை ஒன்று, இடவல இடைவெளி 0, மேல்கீழ் இடைவெளி 8. ஐந்து பட்டன்களையும் இதில் சேருங்கள். வெளிப் பேனலுக்கு கிரிட்பேக்லேஅவுட். உள் பேனலைக் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் இல்லாமல் அதில் சேருங்கள். கிரிட்லேஅவுட் எல்லாக் கட்டங்களையும் ஒரே அளவாக்கும். ஆகவே மிக நீளமான எழுத்துள்ள பட்டனின் அகலமே ஐந்துக்கும் கிடைக்கும். கிரிட்பேக் அந்தத் தொகுதியை அப்படியே நடுவில் நிறுத்தும். அலைன்மென்ட் எண்கள் வேண்டாம், குளூ வேண்டாம். டெக்ஸ்ட் ஃபீல்டை உள் பேனலில் முதல் வரிசையாகச் சேர்த்தால் அதுவும் அதே அகலத்துக்கு வந்துவிடும்.

கிரிட்லேஅவுட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை: வரிசை எண்ணிக்கை பூஜ்யம் அல்லாமல் வேறு எண்ணாக இருந்தால், நீங்கள் தரும் நெடுவரிசை எண்ணிக்கையை அது கண்டுகொள்ளாது. 5, 1 என்று எழுதிவிட்டு ஆறாவது பட்டனைச் சேர்த்தால் திடீரென்று இரண்டு நெடுவரிசைகள் ஆகிவிடும். அதனால்தான் 0, 1 என்கிறோம்.

கேள்வி: பாக்ஸ்லேஅவுட்டை நேரடியாக ஜேஃபிரேமுக்குக் கொடுத்தால் 'பாக்ஸ்லேஅவுட்டைப் பகிர முடியாது' என்ற பொருளில் ஒரு எரர் வந்து புரோகிராம் நின்றுவிடுகிறது. நான் எதையும் பகிரவில்லையே?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பாக்ஸ்லேஅவுட் உருவாகும்போதே எந்தக் கன்டெய்னருக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். நீங்கள் ஜேஃபிரேமைக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் ஜேஃபிரேமில் செட்லேஅவுட் அழைத்தால், ஜாவா 5 முதல், அது உள்ளே இருக்கும் கன்டென்ட் பேனுக்கு (பொருள்கள் நிற்கும் உள்பகுதி) திருப்பிவிடப்படுகிறது. கன்டென்ட் பேன் கேட்கும்போது பாக்ஸ்லேஅவுட் 'நான் வேறொருவருக்கு உரியவன்' என்று மறுக்கிறது. உருவாக்கும்போது ஃபிரேமுக்குப் பதில் ஃபிரேமின் கெட்கன்டென்ட்பேன் தருவதைக் கொடுங்கள். தீர்ந்தது.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் லேஅவுட்டை நல் (எதுவும் இல்லை) ஆக்கிவிட்டு, செட்பவுண்ட்ஸ் மூலம் இடத்தைக் குறித்துத்தான் சொல்லித்தருகிறார்கள். விண்டோ அகலத்தில் பட்டன் அகலத்தைக் கழித்து, பாதியாக்கி எக்ஸ் மதிப்பாகத் தந்தேன். பட்டன் சற்று வலமாகவும் கீழாகவும் நிற்கிறது. விண்டோவைப் பெரிதாக்கினால் பழைய இடத்திலேயே நிற்கிறது. கணக்கில் என்ன தவறு?
— பி.சி.ஏ. மாணவர், திருநெல்வேலி

பதில்: கணக்கு சரி, எடுத்துக்கொண்ட அகலம்தான் தவறு. செட்சைஸில் 400, 300 என்று தந்தால் அது தலைப்புப் பட்டை, நான்கு ஓர விளிம்புகள் எல்லாம் சேர்ந்த அளவு. பட்டன் நிற்கும் உள்பகுதி அதைவிடச் சிறியது. உயரத்தில் தலைப்புப் பட்டையும் போய்விடுவதால் வித்தியாசம் இன்னும் அதிகம். 400, 300 என்பதிலிருந்து கணக்கிட்டால் பட்டன் வலமாகவும் கீழாகவும்தான் போகும். கன்டென்ட் பேனின் கெட்வித் கேட்டால் சரியான அகலம் கிடைக்கும். ஆனால் விண்டோ பேக் ஆவதற்கு (உள்ளவற்றின் விருப்ப அளவுக்கு விண்டோவைப் பொருத்துவது பேக்) அல்லது திரையில் தோன்றுவதற்கு முன் கேட்டால் 0 என்றுதான் பதில் வரும்.

விண்டோவைப் பெரிதாக்கும்போது பட்டன் நகராததற்குக் காரணம், நகர்த்த ஆள் இல்லாததுதான். நல் என்றால் லேஅவுட் மேனேஜர் இல்லை என்று பொருள். அளவு மாறும்போது யாரும் மறுகணக்கு போடுவதில்லை. அளவு மாறுவதைக் கவனிக்கும் கம்போனென்ட்லிசனர் வைத்து ஒவ்வொரு முறையும் நீங்களே கணக்கிடலாம். அப்படிச் செய்தால் கிரிட்பேக் இரண்டு வரியில் செய்வதை நீங்கள் இருபது வரியில் திரும்ப எழுதுகிறீர்கள், அதுவும் குறைவாக. விண்டோஸில் சரியாக அமைந்த 80 பிக்செல் அகலம் லினக்ஸில் வேறு எழுத்துருவோடு போதாமல் போகும். லுக் அண்ட் ஃபீலை (விண்டோவின் தோற்ற அமைப்பு) மாற்றினாலும் அதே கதை. ஜாவா 9 முதல் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஸ்விங் திரையின் பெரிதாக்க விகிதத்துக்கு ஏற்ப வளர்கிறது என்றாலும், எழுத்துரு வேறுபாட்டை அது தீர்க்காது. தேர்வுக்குச் செட்பவுண்ட்ஸ் கேட்டால் எழுதுங்கள். பிறர் பயன்படுத்தப்போகும் புரோகிராமில் அதை வைக்காதீர்கள் என்று உறுதியாகவே சொல்கிறோம்.

கேள்வி: பட்டன் நடுவில் வந்துவிட்டது. விண்டோ திரையின் நடுவில் வரவில்லை. வலது கீழ்ப் பக்கமாகத் தள்ளி நிற்கிறது. செட்லொகேஷன்ரிலேட்டிவ்டு நல் என்று கொடுத்திருக்கிறேன்.
— வாசகர், புதுச்சேரி

பதில்: வரிசையைப் பாருங்கள். அந்த வரி பேக் அல்லது செட்சைஸுக்கு முன்னால் இருக்கும். அந்த நேரத்தில் விண்டோவுக்கு அளவே இல்லை, ஆகவே அதன் இடது மேல் மூலை திரையின் நடுப்புள்ளியில் வைக்கப்படுகிறது. பிறகு அளவு வந்ததும் வலமாகவும் கீழாகவும் வளர்கிறது. சரியான வரிசை: எல்லாவற்றையும் ஆட் செய்க, அளவு மாற்ற முடியாத விண்டோ என்றால் செட்ரீசைசபிள், பிறகு பேக், பிறகு செட்லொகேஷன்ரிலேட்டிவ்டு, கடைசியாக செட்விசிபிள். டயலாக் விண்டோ என்றால் நல் தராமல் தாய் விண்டோவைத் தாருங்கள். இரண்டு திரை வைத்திருப்பவருக்கு டயலாக் வேறு திரையில் தோன்றுவது எரிச்சல் தரும்.

கேள்வி: லாகின் விண்டோவை கிரிட்பேக்கில் செய்தேன். நடுவில் அழகாக நிற்கிறது. ஆனால் விண்டோவைக் கொஞ்சம் சுருக்கினாலே டெக்ஸ்ட் ஃபீல்டுகள் கோடு மாதிரி ஒடுங்கிவிடுகின்றன. படிப்படியாகச் சுருங்காமல் சட்டென்று ஒடுங்குவது ஏன்?
— வாசகி, சேலம்

பதில்: கிரிட்பேக் முதலில் எல்லாவற்றின் விருப்ப அளவையும் கூட்டிப் பார்க்கும். விண்டோ அதற்குப் போதுமானால் அந்த அளவையே தரும். அகலத்திலோ உயரத்திலோ ஒரு பிக்செல் குறைந்தாலும், மொத்தக் கணக்கையும் குறைந்தபட்ச அளவுக்கு மாற்றிவிடும். நடுவே படி எதுவும் கிடையாது. பட்டனுக்குக் குறைந்தபட்ச அளவும் விருப்ப அளவும் ஒன்றே என்பதால் அது அப்படியே நிற்கும். டெக்ஸ்ட் ஃபீல்டின் குறைந்தபட்ச அகலம் சில பிக்செல்தான், அது ஒடுங்கிவிடும். உயரம் குறைந்தாலும் அகலம் ஒடுங்குவதைப் பார்த்துப் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

இரண்டு திருத்தங்களைச் சேர்த்துச் செய்யுங்கள். டெக்ஸ்ட் ஃபீல்டின் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸில் ஃபில்லை (எந்தத் திசையில் விரிய வேண்டும் என்பது) ஹரிசான்டல் என்றும் வெயிட்எக்ஸை 1 என்றும் வையுங்கள். குறைந்தபட்சக் கணக்குக்குப் போனாலும் இருக்கும் அகலத்தை ஃபீல்டு நிரப்பிக்கொள்ளும். ஆனால் இப்போது எடை வந்துவிட்டதால் முழுப் படிவமும் நடுவில் திரளாமல் விண்டோ அகலத்துக்கு விரியும். அது வேண்டாம் என்றால் எடையை விட்டுவிட்டு, பேக் செய்தபின் ஃபிரேமின் செட்மினிமம்சைஸுக்கு அப்போதைய கெட்சைஸையே கொடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே விண்டோ சுருங்காது. சிறிய லாகின் விண்டோவுக்கு இந்த இரண்டாவது வழியே போதும்.

இன்னொன்று: கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் பொருளை ஒரு முறை உருவாக்கி எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆட் செய்யும்போது கிரிட்பேக் அதை நகலெடுத்துக்கொள்ளும். ஆனால் ஃபீல்டுக்கு வைத்த ஃபில், அடுத்து வரும் பட்டனுக்கும் தொடரும். 'லாகின் பட்டன் ஏன் இவ்வளவு நீளம்?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை அதுவே. பட்டனைச் சேர்க்கும் முன் ஃபில்லை நன் (விரிய வேண்டாம்) என்றும், கிரிட்வித்தை ரிமெய்ண்டர் (வரிசையில் மிச்சமுள்ள கட்டங்கள் எல்லாம்) என்றும் மாற்றுங்கள். இன்செட்ஸ் (சுற்றிலும் விடும் இடைவெளி) தரும்போது மேல், இடம், கீழ், வலம் என்ற வரிசையை மறக்கவேண்டாம். இடத்துக்கு 10, வலத்துக்கு 0 என்று விழுந்துவிட்டால் பட்டன் நடுவிலிருந்து 5 பிக்செல் விலகி நிற்கும். கண்ணுக்கு உறுத்தும், காரணம் தெரியாது.

கேள்வி: புரோகிராமைத் தமிழாக்கினேன். ஆங்கிலத்தில் சரியாக நின்ற பட்டன்களில் இப்போது பாதி எழுத்தும் மூன்று புள்ளிகளும்தான் தெரிகின்றன. சில கணினிகளில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன.
— வாசகர், மதுரை

பதில்: இவை இரண்டு தனிச் சிக்கல்கள்.

மூன்று புள்ளிகள் வருவது, எங்கோ செட்பிரிஃபர்டுசைஸ் மூலம் 80, 25 போன்ற அளவைத் திணித்திருப்பதால். இருக்கும் அகலத்தில் எழுத்து அடங்காவிட்டால் ஸ்விங் மீதியை வெட்டிப் புள்ளி வைக்கும். ஆங்கிலத்தில் சுருக்கமாக இருந்தது தமிழில் 'கடவுச்சொல்லை மாற்று' என்பதுபோல் நீளும்போது கூடுதல் அகலம் கேட்கும். கொம்பும் கீழ்வளைவும் உள்ள எழுத்துகளுக்கு உயரமும் கூடுதலாக வேண்டும். அந்த வரியை அழித்துவிடுங்கள். பட்டன் தன் அளவைத் தானே சொல்லட்டும். பட்டன் நெருக்கமாகத் தெரிந்தால் செட்மார்ஜினில் மேல்கீழ் 4, இடவலம் 16 என்பதுபோல் கொடுங்கள். மொழி எதுவானாலும் எழுத்தைச் சுற்றி அதே இடைவெளி இருக்கும். எல்லாம் ஒரே அகலமாக வேண்டும் என்றால் யாழ்ப்பாண வாசகருக்குச் சொன்ன கிரிட்லேஅவுட் முறையைப் பாருங்கள். மொழியை ஓடும்போதே மாற்றும் வசதி இருந்தால், எழுத்துகளை மாற்றியபின் மறுபடி பேக் அழைக்க வேண்டும்.

கட்டங்கள் தெரிவது எழுத்துருச் சிக்கல். ஏரியல் போன்ற, தமிழ் எழுத்து இல்லாத எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். டயலாக், சான்ஸ்செரிஃப் போன்ற பொதுப் பெயர்களைத் தந்தால், கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவை ஜாவா தேடி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யூஐயில் தமிழ் இருக்கிறது. சந்தேகமிருந்தால் ஃபான்ட் பொருளின் கேன்டிஸ்பிளேஅப்டு மெத்தடுக்கு உங்கள் தமிழ்ச் சொல்லைக் கொடுங்கள். –1 வந்தால் முழுவதும் காட்ட முடியும். வேறு எண் வந்தால் அந்த இடத்து எழுத்தில் தடுக்கிறது என்று பொருள்.

கேள்வி: பைத்தானில் டிகேஇன்டர் (அதன் விண்டோ தொகுப்பு) கொண்டு இதையே எப்படிச் செய்வது? பேக், கிரிட், பிளேஸ் என்று மூன்று இருக்கின்றன, எது சரி?
— பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: ஒரே பட்டன் என்றால் பேக் போதும் (ஸ்விங்கின் பேக் வேறு; இது பொருளை விண்டோவில் வைக்கும் முறை). பேக் மட்டும் அழைத்தால் மேலே நடுவில் ஒட்டும். எக்ஸ்பேண்ட் என்பதை ட்ரூ ஆக்கினால் மிச்ச இடம் முழுவதும் அந்தப் பட்டனின் பங்குக்கு வரும், பட்டன் தன் அளவில் அதன் நடுவில் நிற்கும். ஃபில் சேர்த்தால்தான் விரியும். இரண்டு, மூன்று பட்டன்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்பேண்ட் தராதீர்கள். இடம் பங்கு பிரிந்து ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும். ஒரு ஃபிரேமில் அவற்றை அடுக்கி, அந்த ஃபிரேமுக்கு மட்டும் எக்ஸ்பேண்ட் கொடுங்கள்.

கிரிட்டில் செய்வதானால், பட்டனை வரிசை 0, நெடுவரிசை 0 என்று வைத்தால் மட்டும் போதாது. ரோகன்ஃபிகர், காலம்கன்ஃபிகர் இரண்டிலும் 0க்கு வெயிட் 1 தரவேண்டும். அதை மறந்தால் பட்டன் இடது மேல் மூலையில் கிடக்கும். ஸ்டிக்கி (எந்த ஓரத்தில் ஒட்ட வேண்டும் என்பது) எதுவும் தராவிட்டால் கட்டத்தின் நடுவில் நிற்கும். ஸ்விங்கின் கிரிட்பேக்கில் எடை பூஜ்யமாக இருந்தால் நடு, இங்கே எடை கொடுத்தால் நடு. இரண்டும் படிக்கும் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிளேஸில் ரெல்எக்ஸ் 0.5, ரெல்ஒய் 0.5 கொடுத்துவிட்டு ஆங்கரை சென்டர் ஆக்க மறப்பார்கள். மறந்தால் பட்டனின் இடது மேல் மூலைதான் நடுப்புள்ளியில் இருக்கும். பிளேஸில் வைத்த பொருளுக்கு ஏற்ப விண்டோ தன் அளவை மாற்றிக்கொள்ளாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மாணவர்களின் நிரலில் முதலில் தேடவேண்டிய பிழைகள் இரண்டு. ஒன்று, பட்டனை உருவாக்கிய அதே வரியின் முடிவில் பேக் அழைத்து, வருவதை மாறியில் வைப்பது. பேக் எதையும் திருப்பித் தருவதில்லை. மாறியில் நன் (எதுவும் இல்லை) மட்டும் இருக்கும், அடுத்த வரியில் எரர். மற்றொன்று, ஒரே ஃபிரேமுக்குள் பேக், கிரிட் இரண்டையும் கலப்பது. இப்போதைய பதிப்புகள் உடனே எரர் காட்டும். பழைய பதிப்புகளில் இரண்டும் மாறிமாறி அளவைத் திருத்திக்கொண்டே போய் விண்டோ உறைந்துவிடும். வெவ்வேறு ஃபிரேம்களில் வெவ்வேறு முறை இருப்பதில் தடையில்லை.

கேள்வி: க்யூட்டியில் (விண்டோ அமைக்கும் இன்னொரு தொகுப்பு) க்யூமெயின்விண்டோவுக்கு (முதன்மை விண்டோ) லேஅவுட் கொடுத்தால் ஏற்கெனவே லேஅவுட் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது; பட்டனும் சரியாக வருவதில்லை.
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: மெனுவுக்கும் டூல்பாருக்கும் ஸ்டேட்டஸ்பாருக்கும் இடம் ஒதுக்க, க்யூமெயின்விண்டோ தனக்கென ஒரு லேஅவுட்டை வைத்திருக்கிறது. வெறும் க்யூவிட்ஜெட் ஒன்றை உருவாக்கி, அதற்கு க்யூவிபாக்ஸ்லேஅவுட் கொடுத்து, செட்சென்ட்ரல்விட்ஜெட் மூலம் விண்டோவில் வையுங்கள். ஆட்ஸ்ட்ரெச் (விரியும் வெற்றிடம்), பட்டன், ஆட்ஸ்ட்ரெச் என்று சேர்த்தால் மேல்கீழ் நடு கிடைக்கும். பட்டன் அகலமாக விரிந்தால், ஆட்விட்ஜெட்டில் அலைன்மென்ட்டாக அலைன்ஹெச்சென்டர் தாருங்கள். மேலே உள்ள ஸ்ட்ரெச்சுக்கு 2, கீழே உள்ளதற்கு 3 என்று கொடுத்துப் பாருங்கள். உயரமான விண்டோவில் மிகச்சரியான நடுவைவிடச் சற்று மேலே நிற்பது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

கேள்வி: ஸ்விங் விண்டோவில் பேனலுக்குள் பேனல் என்று நான்கு அடுக்கு ஆகிவிட்டது. பட்டன் நடுவில் இல்லை. எந்த அடுக்கில் கோளாறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பட்டனை மறைத்தால் அதன் இடம் காலியாகவே இருப்பதும் ஏன் என்று சொல்லுங்கள்.
— மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். ஃபுளோ, பாக்ஸ், கிரிட்பேக் மூன்றும் மறைத்த பொருளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கிரிட்லேஅவுட் மட்டும் சேர்த்தே எண்ணும். ஆகவே அங்கே செட்விசிபிள் ஃபால்ஸ் போதாது. பேனலிலிருந்து ரிமூவ் செய்து, மறுகணக்குக்கு ரீவேலிடேட்டும், மறுபடி வரைய ரீபெயின்ட்டும் அழைக்கவேண்டும்.

கோளாறைத் தேட, ஒவ்வொரு பேனலுக்கும் தற்காலிகமாக கிரியேட்லைன்பார்டர் மூலம் ஒவ்வொரு நிறத்தில் விளிம்பு கட்டுங்கள். பட்டன் தன் பேனலின் நடுவில் இருந்து, அந்தப் பேனல் தன் தாய்ப் பேனலின் நடுவில் இல்லாமல் இருப்பதுதான் வழக்கமாகத் தெரியவரும். அப்படியானால் திருத்தவேண்டியது தாய்ப் பேனலின் லேஅவுட்டை.

அதிலும் பிடிபடாவிட்டால், விண்டோ முன்னால் இருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்1 தட்டுங்கள். ஜாவாவில் ஆரம்ப காலம் தொட்டு இருக்கும் வசதி இது. ஏனோ அதிகம் பேருக்குத் தெரியாது. விண்டோவில் உள்ள ஒவ்வொரு பொருளின் இடம், அகல உயரம், லேஅவுட்டின் பெயர், அலைன்மென்ட்எக்ஸ், நாம் கையால் திணித்த குறைந்தபட்ச, விருப்ப, அதிகபட்ச அளவுகள் எல்லாம் கன்சோலில் வரிசையாக அச்சாகும். அதில் இரண்டைத் தேடுங்கள்: ஒரே பேனலுக்குள் சிலவற்றுக்கு அலைன்மென்ட்எக்ஸ் 0.0 என்றும் சிலவற்றுக்கு 0.5 என்றும் இருக்கிறதா. பிரிஃபர்டுசைஸ் என்ற இடத்தில் வெற்றாக இல்லாமல் எண் எதுவும் இருக்கிறதா. எண் இருந்தால் யாரோ அந்த அளவைக் கையால் திணித்திருக்கிறார்கள். அந்த வரியைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.